கரண்ட் வந்துடுச்சி, எழுந்து வா!

திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போய்வரும் ரயிலிலேயே என் இருபதுகளில் பாதி கழிந்தது. அங்கே ஒரு கம்பெனியில் மற்றவர்கள் செய்த ஆப்களில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. ஊரார் பிழைகளையே திருத்திக்கொண்டிருப்பதற்குப் பதில் என் பிழைகளை நானே செய்துகொள்ளலாமே என்று ஒரு நாள் தோன்றியது. வேலையை விட்டேன். திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டின் பின்னறையில், கடலை மூட்டைகளை ஓரமாக நகர்த்தி, ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"சொந்தமா ஆப் பண்ணப் போறேன் நைனா" என்றேன்.

நைனா கழனியிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். "எதெ ஆஃப் பண்ணப் போறே?"

"ஆஃப் இல்ல நைனா, ஆப். போன்ல இருக்குதே, அது."

"அதான் ஏற்கெனவே போன்ல போட்டுத்தானே விக்கிறான்? நீ வேற இன்னாத்துக்கு?"

அப்போது எனக்கு அது விவரம் தெரியாத கேள்வியாகப் பட்டது. அடுத்த ஒன்றரை வருஷம் நான் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் நான் ஆப் செய்ததைவிட, ஆப் செய்து ஜெயித்தவர்கள் பேசுவதைக் கேட்டதுதான் அதிகம். தன் முயற்சியால் தானாகவே உயர்ந்தவர்கள் எல்லோரும் வீடியோவில் இருந்தார்கள். எல்லோருக்கும் பின்னால் ஒரு செடி இருந்தது. ஒருவர், முழுதாகச் செய்து முடிக்கும்வரை வெளியே விடாதே என்றார். இன்னொருவர், அரைகுறையாக இருக்கும்போதே வெளியே விடு என்றார். மக்களிடம் கேட்டுச் செய் என்றார் ஒருவர். மக்களுக்கு என்ன வேண்டும் என்று மக்களுக்கே தெரியாது, கேட்காதே என்றார் அடுத்தவர். நான் யாரையும் விட்டுவிடவில்லை. எல்லோர் பேச்சையும் கேட்டேன்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிப்பதில்தான் எல்லோரும் ஒன்றுபட்டார்கள். அதையும் செய்தேன். நான்காவது நாள் அம்மா கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். நான் நடுங்கிக்கொண்டே தலை துவட்டுவதைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த வாரமே பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது.

"யாரு கேட்டா?" என்றேன்.

"நீதான் கல்யாணத்துக்கு வேண்டிக்கினு முருகனுக்கு வெரதம் இருக்கியே. நானா சொன்னேன்? நீ குளிக்கிறத ஊரே பாக்குது" என்றாள் அம்மா.

பையனுக்கு ஓசூரில் வேலை. விரதம் இல்லை, தொழில் ரகசியம் என்று விளக்கி அந்த ஜாதகத்தைத் திருப்பி அனுப்புவதற்குள் எனக்குச் சளி பிடித்துவிட்டது. அதோடு நாலு மணியை விட்டேன். எட்டு மணிக்கு எழுந்தேன். வேலை வழக்கம்போலவே நடந்தது.

என் முதல் ஆப் வாழ்க்கைக் குறிக்கோள்களைப் பற்றியது. தினமும் ஒரு குறிக்கோளை எழுத வேண்டும். முடித்ததும் தட்டினால் ஒரு கோயில் மணி அடிக்கும். அந்த மணிச் சத்தத்துக்காகவே பல நாள் உழைத்தேன். வெளியிட்ட பிறகு இறக்கிக்கொண்டவர்கள்: நான், என் பழைய கம்பெனித் தோழி, நான் கையைப் பிடித்துப் போட்டுவிட்ட நைனாவின் போன், அப்புறம் முகம் தெரியாத ஒருவர். அந்த ஒருவரை நான் எவ்வளவு நேசித்தேன் என்று சொல்லி முடியாது. தினமும் தவறாமல் ஆப்பைத் திறந்தார். ஒரே நாளில் இருபது முப்பது குறிக்கோள்களை முடித்தார். ஐந்து நட்சத்திரம் கொடுத்து, "சூப்பர். வாழ்க்கையில் முன்னேற மிகவும் உதவுகிறது" என்று எழுதியிருந்தார். எங்கோ ஒரு மனிதர் என் ஆப்பால் முன்னேறிக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பிலேயே நான் காலையில் எழுந்தேன், எட்டு மணிக்கு.

பொங்கலுக்கு வந்த அக்காவிடம் அவரைப் பற்றிச் சொன்னேன். அக்கா வடையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள்.

"அது நான்தான்டி. பழைய போன்ல இருந்து நான்தான் எழுதிப் போட்டேன். தெனமும் தொறக்கறது பாப்பா. அவளுக்கு அந்த மணி அடிக்கணும்."

அக்கா மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளுடைய குறிக்கோள்களைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். எல்லாம் "ககககக" என்றிருந்தன. எல்லாவற்றையும் முடித்திருந்தாள்.

இரண்டாவது ஆப்புக்குக் காரணம் பாவா. அக்காவின் கணவர். பொதட்டூர்பேட்டையில் அவர்களுக்கு லுங்கி நெய்யும் பவர்லூம் தறிகள் உண்டு. தறி ஷெட் ஊர்க் கோடியில் இருக்கிறது, வீடு ஊருக்கு நடுவில். இரண்டுக்கும் வேறு வேறு டிரான்ஸ்பார்மர். ஷெட்டில் கரண்ட் போனால் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். பாவா டீக்கடைக்குப் போவார். திரும்பக் கரண்ட் வந்தது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ஷெட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

"அவருக்குத் தெரியாமலாம் இல்ல" என்றாள் அக்கா போனில். "தெரியாத மாதிரி உக்காந்துகினு கீறாரு. கரண்ட் வந்து எவ்ளோ நேரமாச்சின்னு கேட்டா, அப்டியா, எனக்கு யாரும் சொல்லலியேங்கறாரு. இன்னாமோ ஆப்பு பண்றேன் ஆப்பு பண்றேன்றியே, இதுக்கு ஒண்ணு பண்ண முடியுமா உன்னால?"

முடியும். அதுவும் எளிதாக. ஒரு பழைய போனை ஷெட்டில் சார்ஜரில் போட்டு வைக்க வேண்டும். கரண்ட் போனால் சார்ஜ் ஏறுவது நிற்கும். கரண்ட் வந்தால் மறுபடி ஏறும். அது அந்தப் போனுக்குத் தெரியும். தெரிந்ததை மற்ற போன்களுக்குச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. உடைந்த திரையோடு அக்கா வீட்டில் கிடந்த போன், என் முதல் ஆப்பின் அந்த விசுவாசமான பயனாளர் வைத்திருந்த அதே போன், இதற்குப் போதும்.

ஆப்பை எழுதி முடித்துக்கொண்டு பஸ் ஏறிப் பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். ஷெட்டில் அப்போது கரண்ட் இல்லை. சோதித்துப் பார்க்க ஏதாவது ஒரு சத்தம் வேண்டியிருந்தது. "அக்கா, எதையாவது சொல்லு, பதிவு பண்ணிக்கறேன். அப்பறமா நல்ல மணி போட்டுக்கலாம்" என்றேன்.

அக்கா தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள். தறி ஓடாத நேரத்திலும் அந்தக் குரல் இறங்காது. அவள் போனைப் பார்க்கவில்லை. டீக்கடை இருக்கும் திசையைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள்.

"கரண்ட் வந்துடுச்சி! இன்னா இன்னும் உக்காந்துகினு கீறே? எழுந்து வா!"

ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. அப்படியே பதிவு செய்தேன். பாவாவின் போனில் ஏற்கெனவே ஆப்பைப் போட்டாகிவிட்டது. அது ஏதோ கிரிக்கெட் ஆப் என்று அவர் நம்பியிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. சிறிது நேரம் கழித்துப் பாவாவும் வந்தார். சட்டை முன்பக்கம் முழுக்க டீ. வாசலில் நின்று, சட்டைப் பையைப் பிடித்தபடி அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ இங்கதான் கீறியா?"

"ஆங். இங்கதான் கீறேன்."

"அப்போ என் ஜோபில யாரு?"

அக்கா தறியை ஓட்டிவிட்டாள்.

நான் நல்ல மணி போடுவதற்குள் விஷயம் கையை மீறிவிட்டது. பக்கத்து ஷெட்காரரின் மனைவி வந்து கேட்டார். அவருடைய தங்கை கேட்டார். பெண்கள் ஒருவர் சொல்லி ஒருவராக வந்தார்கள். எல்லோர் வீட்டிலும் ஒரு பழைய போன் இருந்தது, டீக்கடையில் ஒரு கணவர் இருந்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக யாராவது குரல் கொடுக்கலாம் என்றேன். யாருக்கும் அது வேண்டாம். "உங்க அக்கா கொரலே இருக்கட்டும். நாங்க சொன்னா அந்த ஆளுக்குப் பழகிப்போச்சி, அசைய மாட்டாரு" என்றார்கள்.

சில வாரங்களில் அந்த டீக்கடையில் ஒரு விசித்திரம் நடந்தது. கரண்ட் வந்ததும் எல்லாச் சட்டைப் பைகளிலிருந்தும் என் அக்கா ஒரே நேரத்தில் கத்தினாள். சில போன்கள் ஒரு நொடி முந்தும், சில பிந்தும். அதனால் "எழுந்து வா, வா, வா" என்று மலையில் எதிரொலிப்பது போலக் கேட்டது. நானே ஒரு முறை எதிர்க் கடையில் நின்று பார்த்தேன். அத்தனை ஆண்களும் பரீட்சை மணி அடித்தது போல எழுந்தார்கள்.

பாவா என்னிடம் நொந்து பேசினார். "ஒரு பொண்டாட்டியே போதும்னுதாம்மா இருந்தேன். இப்ப ஊர்ல கீற எல்லார் ஜோபிலயும் அவதான் கீறா. அவனவன் எங்கிட்ட வந்து, உன் சம்சாரம் எங்கள திட்டுதுன்றான். நான் இன்னா பதில் சொல்லட்டும்?"

டீக்கடைக்காரருக்கும் கோபம். பாதி குடித்த கிளாஸ்களை வைத்துவிட்டு ஓடுகிறார்களாம். "என் யாவாரத்துக்கே ஆப்பு வெச்சிட்டியேம்மா" என்றார். அந்த வார்த்தை விளையாட்டை அவர் தெரிந்து சொன்னாரா என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த மாதம் போனபோது அவர் போனிலும் ஆப் இருந்தது. கரண்ட் போனால் "கரண்ட் பூட்ச்சி" என்று சொல்ல அக்கா குரலிலேயே ஒன்று பிறகு சேர்த்திருந்தேன். அது கேட்டதும் பாலை அடுப்பில் ஏற்றிவிடுகிறார். ஆட்கள் வந்து உட்காரும்போது டீ தயாராக இருக்கிறது. முன்னைவிட வேகமாக விற்கிறது.

ஆப் பக்கத்துத் தறி ஊரான அம்மையார்குப்பத்துக்கும் போயிற்று. நூல் கடை வைத்திருந்த ஒருவர் தன் கடை விளம்பரத்தை ஆப்பின் அடியில் போடக் கேட்டார். பின்னறை மேசைக்கு முதல் முறையாக வருமானம் வந்தது. நைனா, "யாருனா எதுனா ஆஃப் பண்ணாங்களா?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

இங்கேதான் மறுபடியும் அறிவுரை நுழைந்தது. சென்னையில் ஒருவர். தன் உழைப்பால் பெரிதாக வளர்ந்தவர். வளர்கிறவர்களுக்கு வழி காட்டுவதும் அவர் தொழில். ஒரு மணி நேரம் வீடியோ அழைப்பில் பேச எனக்கு இடம் கிடைத்தது. அவருக்குப் பின்னாலும் செடி இருந்தது. ஆப்பைத் திறந்து கேட்டவர், காதைப் பொத்திக்கொண்டார்.

"மேடம், முதல்ல இந்தச் சத்தத்தை எடுங்க. யாரோ சண்டை போடற மாதிரி இருக்கு. இப்படி இருந்தா நீங்க உங்க தாலூகாவைத் தாண்டவே முடியாது. மென்மையா ஒரு இசை போடுங்க."

ஜெயித்தவர் சொல்கிறார். போட்டேன். புல்லாங்குழல் போல ஒரு மூன்று சுரம், கேட்டால் தூக்கம் வரும். தூக்கம்தான் வந்தது. தறிகள் நின்றன. இரண்டே நாளில் என் ஆப்பின் கீழே ஒற்றை நட்சத்திரங்கள் வரிசையாக விழுந்தன. "அக்கா எங்கே?" என்று ஒருவர். "பீப்பீன்னு ஊதறான், எவனுக்கு வேணும்" என்று ஒருவர். "அந்தம்மா திட்டினாதான் கால் நகருது" என்று ஒருவர். ஒரே ஒரு குறிப்பு மட்டும் வேறு மாதிரி இருந்தது. "வீட்டில் என்னைத் திட்ட இப்போது யாரும் இல்லை. இவங்களையாவது விட்டு வையுங்கள்." அதை எழுதியவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று மாலையே புல்லாங்குழலை எடுத்துவிட்டு அக்காவைத் திரும்பப் போட்டேன்.

சில மாதம் கழித்து அந்தச் சென்னைக்காரரின் புது வீடியோவைத் தற்செயலாகப் பார்த்தேன். கிராமத்துப் பெண் தொழில்முனைவோர் ஒருவருக்கு, மக்களுக்குப் பழகிய குரலைப் பயன்படுத்தும்படி தான் யோசனை சொன்னதாகவும், அதிலிருந்து அவருடைய வாழ்க்கையே மாறிவிட்டதாகவும் சொன்னார். சொல்லும்போது அவர் கண் பொய் சொல்கிறவர் கண்ணாக இல்லை. அப்படித்தான் நடந்தது என்று உண்மையிலேயே நம்பிவிட்டார் போலும். எனக்குக் கோபம் வரவில்லை. அதுவரை நான் கேட்ட அத்தனை வெற்றிக் கதைகளும் இப்படித்தான் சமைக்கப்பட்டிருக்குமோ என்ற எண்ணம்தான் வந்தது. மலை ஏறி முடித்தவரிடம் வழி கேட்டால், தான் ஏறிய படியைக் காட்டுவார். தான் ஏறிய அன்று வெயில் இல்லை என்பது அவருக்கு நினைவிருக்காது.

அந்த ஆடிக் கிருத்திகைக்கு எல்லோரும் திருத்தணி மலைக்குப் போனோம். படிக்கட்டு முழுக்கக் காவடிகள், மஞ்சள் துணி, அரோகரா. பாதி ஏறியதும் பாவா ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். இனி முடியாது, முருகன் வேண்டுமானால் இறங்கி வரட்டும் என்கிற மாதிரி ஒரு உட்காரல். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மேலே போயிருந்த அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா இன்னும் உக்காந்துகினு கீறே? எழுந்து வா!"

பாவா அசையவில்லை. ஆனால் அவருக்குக் கீழே இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு கூட்டம் மொத்தமாக எழுந்து நின்றது. ஒருவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பையில் சத்தம் இல்லை என்று தெரிந்ததும் பயத்தோடு அக்காவை நிமிர்ந்து பார்த்தார். எல்லோரும் அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்கள்.

"யம்மா, நீங்களா அது?" என்றார் ஒருவர், கை கூப்பியபடி.

அக்காவுக்கு வெட்கம் வந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அந்தக் கூட்டத்தோடு வந்திருந்த ஆந்திரத்து நகரிக்காரர் ஒருவர், தெலுங்கிலும் திட்டினால் தங்கள் பக்கமும் உபயோகமாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டார். அக்கா அங்கேயே, படியில் நின்றபடி, எல்லையைத் தாண்டிக் கேட்கிற மாதிரி தெலுங்கில் ஒரு முறை கத்தினாள். நான் போனில் பிடித்துக்கொண்டேன். பின்னணியில் அரோகரா கேட்கும். அதை இன்னும் எடுக்கவில்லை.

ஆந்திரப் பக்கத்திலும் ஆப் ஓட ஆரம்பித்ததும், பக்கத்திலிருக்கும் ஒரு கல்லூரியிலிருந்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். "தன்னம்பிக்கையால் தானே உயர்ந்த சாதனைப் பெண்" என்று பேனர் அடித்திருந்தார்கள். என் படம் எங்கிருந்தோ கிடைத்த பழைய ரேஷன் கார்டுப் படம் போல இருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் பாவாவிடம் கேட்டேன். அவர் நிறைய வீடியோ பார்க்கிறவர்.

"மொதல்ல நாலு மணிக்கு எழுந்தேன்னு சொல்லு. அப்பறம் கண்ணுல தண்ணி வர்ற மாதிரி ஒண்ணு வேணும். செருப்பு இல்லாம நடந்துபோய்ப் படிச்சேன்னு சொல்லு."

"செருப்பு இருந்துச்சே பாவா."

"அன்னிக்கி அறுந்துபோச்சின்னு சொல்லு. அறுந்ததே இல்லியா உனக்கு?"

மேடையில் ஏறியதும் எனக்குப் பொய் வரவில்லை, நேர்மையால் அல்ல, பயத்தால். நடந்ததை நடந்தபடி சொன்னேன். முதல் ஆப்பை என்னென்னவோ அறிவுரை கேட்டுச் செய்தேன், ஒரு குழந்தையைத் தவிர யாரும் சீண்டவில்லை. இரண்டாவதைப் பாவா டீக்கடையில் உட்கார்ந்ததால் செய்தேன். அக்கா அன்று இருமலோடு இருந்திருந்தால் அதுவும் ஓடியிருக்காது. இதிலிருந்து நீங்கள் என்ன கற்றுக்கொள்ளலாம் என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள் என்று முடித்தேன்.

முன்வரிசைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேனர் செலவை நினைத்தோ என்னவோ, ஒரு பேராசிரியர் விரைந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"மேடம் அடக்கமா பேசறாங்க. இதோட உட்கருத்து என்ன? குடும்பத்தோட குரலுக்குக் காது கொடுங்க! வெற்றி தானா வரும்!"

பலத்த கைத்தட்டல். மறுக்க வாய் திறந்தேன், மைக் என்னிடம் இல்லை. கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "மேடம், நீங்க காலைல எத்தன மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"எட்டு மணிக்கு" என்றேன்.

அன்றைய மிகப்பெரிய கைத்தட்டல் அதற்குத்தான். சிலர் விசில் கூட அடித்தார்கள்.

விளைவுகள் மெல்ல வந்தன. ஒரு மாணவன், பஸ் வரும் நேரம் சொல்லும் ஆப் செய்து, குடும்பத்தின் குரலுக்குக் காது கொடுத்து, அதில் தன் அம்மாவின் குரலைப் போட்டான். அந்தம்மாவுக்குச் சன்னமான, சோகமான குரல். "பஸ்ஸு வந்துடுச்சிங்க" என்று அது சொல்லும்போது, கேட்டவர்கள் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறினார்கள். மூன்றே நாளில் எல்லோரும் நீக்கிவிட்டார்கள். அவன் என்னைக் கூப்பிட்டு, "மேடம், நீங்க சொன்னபடியேதான் செஞ்சேன்" என்றான். நான் சொல்லவேயில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது? சத்தத்தை எடுத்துவிட்டு நேரத்தை மட்டும் சரியாகக் காட்டச் சொன்னேன். இப்போது சுமாராக ஓடுகிறது என்று கேள்வி.

பாவாவும் டீக்கடையில் பேச்சாளராகிவிட்டார். "இந்த ஆப்புக்கு மூலகாரணம் யாரு? நான். நான் மட்டும் கரண்ட் வந்ததும் ஒழுங்கா ஷெட்டுக்குப் போயிருந்தா, இந்த ஆப்பு வந்திருக்குமா? சோம்பேறித்தனத்துல ஒரு பலன் கீதுப்பா. அத யாரும் சொல்லித் தர மாட்டறான்." நான் கேட்ட வெற்றி உரைகளில் சற்றேனும் ஆதாரம் இருந்தது இதில்தான். பெரும்பாலும் அவர் முக்கியமான இடத்துக்கு வரும்போது சட்டைப் பையிலிருந்து அக்கா கத்திவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை காலை, எட்டரை இருக்கும், நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். பக்கத்துக் கிராமம். சொந்தக் கழனி வைத்து விவசாயம் பார்க்கிறவர். பின்னால், தரையைப் பார்த்தபடி, கல்லூரியில் எழுந்து கேள்வி கேட்ட அதே பெண்.

"நீங்கதான் அந்த மேடமா?" என்றார் அந்தம்மா. என் வாயில் நுரை இருந்தது. தலையாட்டினேன்.

"எட்டு மணிக்கு எழுந்தா ஜெயிக்கலாம்னு சொன்னீங்களாமே? இவ எட்டு மணி வரிக்கும் தூங்கறா. எழுப்பினா, அந்த மேடம் அப்டித்தாம்மா ஜெயிச்சாங்கன்றா. நான் விடிகாலைல எழுந்து மாடு கறந்து, ஆளுங்களுக்குக் கூழ் ஊத்தி அனுப்பறேன். நான் இன்னா ஜெயிச்சேன்?"

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன். "நான் அப்படிச் சொல்லலிங்கம்மா. எத்தன மணிக்கு எழுந்திருப்பீங்கன்னு கேட்டாங்க, எட்டுன்னேன். அவ்ளோதான். அதுக்கும் ஆப் ஓடறதுக்கும் சம்பந்தமில்ல."

"அப்போ எத்தன மணிக்கு எழுந்தா சம்பந்தம் கீது? ஒரு நேரம் சொல்லுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அம்மா காபி கொண்டுவந்தாள். அந்தப் பெண்ணிடம், "ராத்திரியெல்லாம் இன்னா பண்றே?" என்று கேட்டேன். அவள் தன் அம்மாவை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனை நீட்டினாள். ஒரு விளையாட்டு ஆப். அவளாகவே செய்தது. மலைப் படியில் ஒரு பெண் தேங்காய்த் தட்டோடு ஏற வேண்டும், இரண்டு பக்கமும் குரங்குகள் காத்திருக்கும். படங்கள் அச்சு அசலாக இருந்தன. ஒரு குரங்குக்குப் பாவா முகம் என்று எனக்குப் பட்டது. ஆனால் முதல் குரங்கு பாய்ந்ததும் ஆப் அப்படியே நின்றுபோயிற்று.

"எப்பவும் இங்கதான் மேடம் நிக்கிது. ஒரு மாசமா பாக்கறேன், தெரியல."

மற்றவர்கள் ஆப்பில் பிழை கண்டுபிடிப்பது எனக்குத் தெரிந்த ஒரே வேலை. பின்னறைக்குக் கூட்டிப்போனேன். கடலை மூட்டை மேல் அவள் உட்கார, அவள் எழுதியிருந்ததைத் திறந்து வரி வரியாகப் படித்தோம். குரங்கு தேங்காயைப் பிடுங்கிய பிறகும் ஆப் அந்தத் தேங்காயை மறுபடி மறுபடி படியேறும் பெண்ணின் தட்டில் தேடிக்கொண்டிருந்தது. இல்லாததைத் தேடித் தேடி ஆப் மயக்கம் போட்டது. காட்டினேன். "அய்யே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தானே திருத்தினாள். எனக்கு முன்னால் அவள் விரல்கள் வேகமாக ஓடின. நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்து அவள் அம்மாவிடம் போனைக் கொடுத்தோம். அந்தம்மா சந்தேகத்தோடு வாங்கினார். முதல் குரங்கு தேங்காயைப் பிடுங்கியது. "ச்சீ, எடு கைய!" என்றார். இரண்டாவது குரங்கு வாழைப்பழத்தைப் பிடுங்கியது. "தோ பாரு, இது போன கிருத்திகைக்கு எங்கிட்ட புடுங்கிச்சே அதே கொரங்குதான்" என்று என் அம்மாவிடம் காட்டினார். அம்மாவும் சேலையில் கை துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருமாகக் குரங்குகளை வைய ஆரம்பித்தார்கள்.

"அம்மா, பஸ்ஸு வந்துடும்" என்றாள் அந்தப் பெண்.

"இரு, இன்னும் ரெண்டு படிதான் கீது" என்றார் அவர், தலை நிமிராமல்.

பஸ் வந்தது, நின்றது, போயிற்று. நாங்கள் இருவரும் வாசல்படியில் உட்கார்ந்து காபி குடித்தோம். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.